இலை யாருடையதோ, நட்டமும் அவருக்கே

"பீடித் தொழிலே படுத்துட்டு, இதுல கூலியை எங்கன கூட்ட?" நெல்லை, தென்காசிப் பக்கம் முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எங்கே கூலிப் பேச்சு எழுந்தாலும் இந்தப் பதில் தயாராக இருக்கிறது. விற்பனை குறைவது உண்மைதான். ஆனால் பீடி சக்கைப்போடு போட்ட காலத்திலும் எங்கள் அம்மாவின் கூலி பள்ளிக்கூட நோட்டு வாங்கவே இழுத்துப் பறித்தது. அப்போது மட்டும் ஏன் கூட்டவில்லை?

பீடி செய்ய மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கட்டடம் வேண்டாம். தட்டு, கத்தரி, நூல், உட்கார ஒரு திண்ணை போதும். இவ்வளவு லேசான தொழிலில் ஆளாளுக்குக் கம்பெனி ஆரம்பித்திருக்க வேண்டாமா? முடியாததற்குக் காரணம் இலை. புகையிலையை வைத்துச் சுற்றுகிற தெண்டு இலை வருவது மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து. கோடையில் சில வாரங்கள்தான் பறிப்பு. மத்தியப் பிரதேசத்தில் 1964இல் வந்த சட்டத்தோடு அந்த வியாபாரம் அரசின் கைக்குப் போனது. சீசனில் பணத்தைக் கட்டி, மாதக்கணக்கில் ஓடுவதற்கான இலையைக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், அடுக்க வேண்டும். புகையிலை நிப்பாணியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வர வேண்டும். பீடி விற்றுக் காசு திரும்பும்வரை அத்தனைக்கும் வட்டி ஓடும். அதைத் தாங்குகிறவர் முதலாளி. தாங்க முடியாதவர் அவரிடம் இலை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற காண்ட்ராக்டர். அதற்கும் கீழே, அந்த இலையை வீட்டுக்கு வாங்கிப்போய்ப் பீடி சுற்றுகிற பொம்பளை.

பணமெல்லாம் இலையில் முடங்கிக் கிடப்பதால் இலைக்குத்தான் கணக்கு கறார். இவ்வளவு எடை இலை தந்தேன், ஆயிரம் பீடி வரணும். அவ்வளவுதான் பேச்சு. அம்மா இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைப்பாள். காலையில் ஒவ்வொன்றாக விரித்தால் ஒன்றில் ஓட்டை, ஒன்றில் நரம்பு தடிப்பு, ஒன்று ஓரம் கருகியிருக்கும். ஒதுக்கியதே ஒரு குவியல் சேர்ந்துவிடும். "ஏ மைனி, இலை மிச்சம் கெடக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பாள். அங்கேயும் இல்லையென்றால் கைக்காசு போட்டு வாங்கி ஆயிரத்தை நிரப்ப வேண்டும். சுற்றிய பீடியைக் கொண்டுபோன பிறகு காண்ட்ராக்டர் கடையில் கழிவு என்று ஒரு பங்கை ஒதுக்குவார்கள். அதற்குக் கூலி கிடையாது, அந்தப் பீடி திரும்ப வீட்டுக்கும் வராது.

சொத்தை இலையை வாங்கியது யார், அந்த நட்டத்தைக் கட்டுவது யார்? என் ஆத்திரமெல்லாம் இங்கேதான்.

வேறு கடைக்குப் போக வேண்டியதுதானே என்பார்கள். பீடி விற்கிற சந்தையில் லேபிளுக்கு லேபிள் போட்டி உண்டு. வேலை கொடுக்கிற பக்கம் அந்தத் தெருவுக்கு எட்டுவது ஒன்றிரண்டு கடைதான். கைப்பிள்ளையையும் அடுப்பையும் விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இலை வாங்கப் போக முடியாது. பாஸ்புக்கும் பிஎஃப்பும் இந்தக் கடையில் கிடக்கும். வேலைக்கு ஆள் எடுப்பவர் ஒருவரே என்றால் கூலி உழைப்பின் மதிப்புக்குக் கீழேதான் நிற்கும் என்று பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933இலேயே விளக்கிவிட்டார். விற்பனை ஏறினாலும் எங்கள் தெருவுக்கு அது வந்து சேராததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நான் படித்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்பதை 1974இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 1977இல் பிஎஃப் வந்தது. ஆனால் ஒரே கார்டில் இரண்டு மூன்று பேர் சுற்றும் வீட்டில் இதெல்லாம் ஒருத்தி பேருக்குத்தான். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து 1966 சட்டத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டன. கழிவையும் இலைக் குறைவையும் இனி யார் கண்காணிப்பார்கள் என்று சங்கங்கள் இப்போதே கேட்டாக வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. அந்த 1966 சட்டத்தைக் கேரளம் அமல்படுத்தியபோது பெரிய முதலாளிகள் கண்ணூரில் கம்பெனியை மூடினார்கள். வேலை போனவர்கள் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். பங்குப் பணத்துக்கு அரசு கடன் கொடுத்தது. நன்றாக ஓடிய காலத்தில் 40,000 பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். பீடி சரிய ஆரம்பித்ததும் தேங்காய்ப்பால், மசாலாப் பொடி, குடை என்று மாறிக்கொண்டார்கள். முதல் பணம் தங்கள் கையில் இருந்ததால் முடிந்தது.

பீடி உடம்புக்குக் கேடு, ஒழியட்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒழியும்போது முதலாளி இலையில் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போவார். முதுகு வளைந்தவளுக்கு எடுத்துப்போக என்ன இருக்கிறது? அதனால்தான் கேட்கிறேன். கிட்டங்கி இலையை ஈடாக வைத்துப் பெண்கள் கூட்டுறவுக்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி சீசன் கடன் கொடுக்கட்டும். அது வரும்வரை, இலையை நனைத்துப் பிரித்த பிறகு தேறுகிறதை வைத்துக் கணக்கு எழுதட்டும். கழிவென்று ஒதுக்கினால் அவள் கண் முன்னாலேயே கிழித்துப் போடட்டும். எடுத்து விற்பதாக இருந்தால் அதற்கும் கூலி கொடுக்கட்டும்.