காட்சி மட்டும்தானா, கோபுரமும் இருக்கிறதே

ஏறி நின்று சுற்றுவட்டாரத்தைப் பார்ப்பதற்காகக் கட்டிய பழைய காட்சிக் கோபுரங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுதியதற்கு நன்றி. ஆனால் உச்சியிலிருந்து தெரியும் காட்சியோடு கட்டுரை முடிந்துவிட்டது. எனக்குக் கோபுரம்தான் முக்கியம்.

இங்கிலாந்தின் சர்ரேயில் உள்ள லீத் ஹில் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 294 மீட்டர் உயரக் குன்றின் மேல் ரிச்சர்ட் ஹல் என்பவர் 1765 வாக்கில் கட்டியது. 1772-ல் அவர் இறந்தபோது அவர் விருப்பப்படியே அதன் அடியில் புதைத்தார்கள். அப்புறம் கவனிப்பார் இல்லை. உள்ளே இருந்ததைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கல்லையும் காரையையும் கொட்டி நிரப்பி வாசலையும் அடைத்துவிட்டார்கள். 1864-ல் திரும்பத் திறக்க நினைத்தபோது அந்தக் காரையை உடைக்க முடியவில்லை. அதனால் பக்கத்திலேயே ஒரு படிக்கட்டுக் கோபுரத்தை ஒட்டிக் கட்டினார்கள். இன்றைக்கும் எல்லோரும் ஏறுவது அதில்தான். வெளியே நின்று பார்த்தால் அந்த ஒட்டு நன்றாகவே தெரியும். வானம் தெளிந்திருந்தால் வடக்கே லண்டன், தெற்கே கடல். சரி, அதுவும் அழகுதான்.

திறப்பு நாளில் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். குறுகலான சுழல்படியில் ஏறுபவரும் இறங்குபவரும் எதிரெதிரே வந்தால் நகரவே முடியாது. முதுகுப்பையைக் கீழேயே வைத்துவிடுவது நல்லது. வாசலில் நிற்கும் தன்னார்வலர்களிடம் கட்டாயம் பேச்சுக் கொடுங்கள். பலகையில் எழுதாத கதைகள் அவர்களிடம்தான் இருக்கும்.