பாறைக்குள் பொறி வைத்தாரா கடவுள்?

'புவியியலாளர்களைச் சோதிக்கவே கடவுள் பாறைக்குள் புதைபடிவங்களை ஒளித்துவைத்தார்' என்று ஆங்கிலேய இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸ் எழுதியதாக ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1857-இல் வந்த 'ஓம்பலோஸ்' நூலில் அவர் சொன்னது வேறு. வளர்ந்த நிலையிலேயே படைக்கப்பட்ட மரத்துக்கும் உள்ளே வளையங்கள் இருக்கும். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருக்கும். உலகமும் அப்படித்தான், நடக்காத பழங்காலத்தின் தடயங்களோடு உருவானது என்றார். விநோதமான வாதம்தான், ஆனால் ஏமாற்றும் கடவுள் அதில் இல்லை.

சரி, அந்த வாசகம் எங்கிருந்து வந்தது? பத்திரிகைகள் அவசரத்தில் கொடுத்த விளக்கம் அது, அப்பாவுக்கு அதில் கடுங்கோபம் என்று 1907-இல் எழுதியவர் மகன் எட்மண்ட். கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே தவறு என்று, அதற்குச் செய்த புட்டிங் இனிப்பைக்கூடக் குப்பையில் வீசிய அப்பாவின் மதத்தை விட்டு விலகிய அதே மகன்.