ரேண்டிலின் ராணுவப் படங்கள் எடுக்கப்பட்ட இடம்
ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் ஃபிராங்க் ரேண்டில் நடித்த ‘சம்வேர் இன் இங்கிலாந்து’ (1940), ‘சம்வேர் இன் கேம்ப்’ (1942) ஆகிய ராணுவ நகைச்சுவைப் படங்கள் மான்செஸ்டர் டிக்கன்சன் சாலை ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டதாகச் சிலர் சொல்வதுண்டு. தயாரித்த மான்குனியன் நிறுவனம் மான்செஸ்டர்க்காரர்களுடையது என்பதால் இந்தக் குழப்பம் இயல்புதான். ஆனால் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தை மாற்றி அந்த ஸ்டுடியோ திறக்கப்பட்டதே 1947இல், அதாவது இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து. அதற்கு முன் மான்குனியன் நிறுவனத்தார் லண்டனில் ஸ்டுடியோக்களை வாடகைக்கு எடுத்துத்தான் படம் பிடித்தார்கள்.

சரிபார்ப்பது சுலபம். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் பட்டியலில் படம் வெளியான ஆண்டைப் பாருங்கள். அப்புறம் ஸ்டுடியோ திறந்த ஆண்டைத் தேடி ஒப்பிடுங்கள். (1964இல் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற பாப் இசை நிகழ்ச்சி தொடங்கியதும் அதே கட்டடத்தில்தான். அதனால் அதைப் பற்றித் தகவல் நிறையவே கிடைக்கும்.)