ஆற்றுவாய்க்கு எண் கேட்டால் நடுக்கடலைத் தருகிறார்கள்

மூன்று இரவுகள். மட்டக்களப்பு வாவி கடலோடு சேருகிற ஆற்றுவாயில், அதாவது முகத்துவாரத்தில், நாளைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்? இந்த ஒரே கேள்விக்காக மூன்று இரவு கண் விழித்தேன். பதில் கிடைக்கவில்லை. வயிறு எரிகிறது.

கேட்டது சித்தப்பா. "தம்பி, நீ கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை. உலகம் முழுக்கக் கடலோட்டம் கணிக்கிறாங்களாம். எங்கட ஆத்துவாய்க்கு நாளைக்கு எப்படியெண்டு பார்த்துச் சொல்லு." விடியப்புறம் மூன்றரைக்குப் போட்டை எடுத்துக்கொண்டு ஆற்றுவாயைத் தாண்டுகிற மனிதர். மாரி தொடங்கிவிட்டால் அந்த இடம் என்ன பாடு படும் என்று மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாவி வெள்ளம் வெளியே தள்ளும், கடல் உள்ளே அடிக்கும், மண்திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. பொழுதுபோக்குக்குக் கேட்ட கேள்வி இல்லை அது.

தரவே இல்லை என்றால் எனக்குக் கோபம் வராது. இருக்கிறது! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய கணினிகளை வைத்து நாள்தோறும் கணிக்கிறார்கள். உலகக் கடலையே சுமார் 9 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பல ஆழங்களில் ஓட்டத்தின் வேகத்தைப் போட்டு, பல நாள் முன்கூட்டியே, இலவசமாகத் தருகிறார்கள். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கையில் எடுப்பதற்குள் உயிர் போகிறது.

முதல் இரவு முழுக்கக் கணக்குத் திறப்பதிலும் கடவுச்சொல்லிலும் போனது. வழிகாட்டிப் பக்கத்தில் இருந்த கட்டளையை அப்படியே போட்டேன், வேலை செய்யவில்லை. அந்தத் தரவிறக்க வழியையே மூடிவிட்டார்களாம். மூடினால் வழிகாட்டியையும் மாற்ற வேண்டாமா? இரண்டாம் இரவு கோப்பு வந்தது. நெட்சிடிஎஃப் என்று அறிவியல் தரவுக்கான ஒரு கோப்பு வகை. சித்தப்பாவின் ஃபோனில் திறக்காது, எக்செலிலும் நேரே திறக்காது, பைதான் மாதிரி ஒரு நிரல்மொழி எழுதத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது ஒரு புள்ளி. தளமோ வங்காள விரிகுடா முழுவதையும் என் தலையில் கட்டியது. ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிறவன் இதை ஒவ்வொரு நாளும் இறக்க முடியுமா?

இடத்தைச் சொல்வதிலும் ஒரு ஒழுங்கு இல்லை. ஒரு தளத்தில் அகலக்கோடு முதலில், இன்னொன்றில் நெடுங்கோடு முதலில். நம் ஆற்றுவாய் ஏறக்குறைய வடக்கு 7.75, கிழக்கு 81.7. மாற்றிப் போட்டால் வட துருவத்துப் பனிக்கடலுக்குப் போய்விடும், கருவி ஒரு வார்த்தை எச்சரிக்காது. தரவு இல்லாத இடங்களை ஒரு கோப்பில் -30000 என்று நிரப்பியிருந்தார்கள். கோப்பிலுள்ள வேக எண்களை 0.001ஆல் பெருக்க வேண்டும் என்று இன்னொரு மூலையில் எழுதியிருக்கிறது. -30000 வெறுமைக்கான குறி என்று தெரியாமல் அதையும் பெருக்கிவிட்டவனுக்கு விநாடிக்கு 30 மீட்டர் ஓட்டம் என்று விடை வரும், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். அப்புறம் நேரம். எல்லாம் கிரீன்விச் கணக்கு. சித்தப்பாவின் விடியப்புறம் மூன்றரை அங்கே முந்தின நாள் இரவு 10 மணி. தேதியே மாறுகிறது. திசையிலும் இதே பாடு. கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று. நீரோட்டத்துக்கோ போகிற திசையைச் சொல்வார்கள். இதைத் தெளிவாக எழுதி வைக்காத ஒரு படத்தைப் பார்த்து ஆள் கடலுக்குப் போனால் என்ன ஆகும்?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். மூன்றாம் இரவு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆற்றுவாயின் புள்ளியைக் கொடுத்தேன், வெறுமை வந்தது. அந்தக் கட்டம் அவர்கள் கணக்கில் தரை. 56 கிலோமீட்டர் நீளமுள்ள நம் வாவி, ஒடுங்கியது என்பதால், அந்தக் கட்டங்களின் வலைக்குள் கிடையவே கிடையாது. சரி, வேறொரு தளத்தில் கேட்டேன். உடனே அழகாக ஒரு எண் வந்தது: விநாடிக்கு 0.4 மீட்டர், தெற்கு நோக்கி. சந்தோஷத்தில் சித்தப்பாவுக்கு அழைக்கப் போனவன், எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று கோப்பைத் தோண்டினேன். அந்த எண் ஆற்றுவாயினுடையது இல்லை. அருகில் கடலாக இருக்கிற கட்டத்தைத் தானாகவே தேடி, அதன் எண்ணை என் புள்ளியின் பெயரில் கொடுத்திருக்கிறது. கரையிலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி, ஆழ்கடலில் ஓடுகிற ஓட்டம் அது. வடகீழ்ப் பருவத்தில் கிழக்குக் கரையோரம் பெரிய ஓட்டம் தெற்கே போவது ஊரறிந்தது. அதைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறது. போதாததற்கு அது ஒரு நாள் முழுவதற்குமான சராசரி. ஆற்றுவாயில் வற்றுக்கும் பெருக்குக்கும் தண்ணீர் திசை மாறுகிறது, சராசரி எடுத்தால் அந்த மாற்றம் மறைந்து போகும். உலகக் கடலைக் கணிக்கிற கணினி மாதிரிகள் பலவற்றில் வற்றுப்பெருக்கைச் சேர்ப்பதே இல்லை. வாவியே இல்லாத கணக்கில் வாவி வெள்ளம் எங்கிருந்து வரும்?

உலக மாதிரி ஆற்றுவாய்க்காகச் செய்தது இல்லை என்று எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள். தெரியும். 9 கிலோமீட்டர் கட்டத்தால் ஒடுங்கின ஆற்றுவாயைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைப் பார்த்ததுபோல் எண் கொடுப்பதுதான் என் சண்டை. "இந்த இடத்துக்கு எங்களிடம் கணிப்பு இல்லை" என்று சொன்னால் சித்தப்பா வழக்கம்போல மண்மேட்டில் நின்று நுரை போகிற பக்கம் பார்த்து முடிவெடுப்பார். தவறான எண்ணைக் கையில் கொடுத்தால், படித்த பிள்ளை சொன்னான் என்று அதையல்லவா நம்புவார்?

வெளிக்கடல் பக்க எல்லையில் உலகக் கணிப்பின் எண்களை வைத்து, கரையோரத்தின் ஆழ அளவையும் வாவி நீர்மட்டத்தையும் சேர்த்து, சில நூறு மீட்டர் கட்டத்தில் இந்த இடத்துக்கென்று ஒரு சிறு மாதிரி ஓட்ட முடியும். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு மாரிக்கும் மண்திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறப்பதா வேண்டாமா என்று வயல்காரரும் மீன்பிடிகாரரும் மல்லுக்கட்டுகிற ஊர் இது. அந்தக் கணக்கு அவர்களுக்கும் உதவும். அது வருகிறபோது வரட்டும்.

இப்போதைக்கு நான் கேட்பது மிகச் சிறியது. ஒரு புள்ளி கொடுத்தால் ஏழு நாளைக்கு, நம் நேரத்தில், ஃபோனில் படிக்கிற மாதிரி பத்து வரி தாருங்கள். அதன் மேலே, இந்த எண் நீங்கள் கேட்ட இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி எடுத்தது என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.