மூக்கைச் சுளிக்கிறதுக்கு முன்னாடி

டெல்லிக்கு வர்ற சொந்தக்காரங்க கையில ஒரு சாப்பாட்டு லிஸ்ட் தயாரா இருக்கும். சாந்தினி சௌக் பராத்தா, சோலே பட்டூரே, ஜிலேபி. அதைத் தாண்டி ஒண்ணை நீட்டினா வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே முகம் அஷ்டகோணலாயிடும். "ஐயே, என்ன நாத்தம்!" அதுவும் அதைச் சமைச்சுப் பரிமாறினவங்க எதிர்லயே. பிடிக்கலைன்னா வைக்கலாம், யாரும் அடிக்கப் போறதில்ல. இந்த ‘ஐயே’தான் எனக்கு ஆகவே ஆகாது.

சஃப்தர்ஜங் என்கிளேவ் பக்கத்துல ஹுமாயூன்பூர்னு ஒரு இடம். நகரத்துக்குள்ள மாட்டிக்கிட்ட பழைய கிராமம். இப்ப சந்துக்குச் சந்து நாகா, மணிப்புரி சாப்பாட்டுக் கடைகள். அங்க அகுனி போட்ட பன்றிக்கறி கிடைக்கும். அகுனிங்கிறது நாகாலாந்து சுமி மக்களோட பண்டம். சோயாவை வேகவெச்சு, இலையில பொதிஞ்சு, அடுப்புச் சூட்டுப் பக்கத்துல சில நாள் விட்டுடுவாங்க. பேசில்லஸ்ங்கிற பாக்டீரியா அதுல இருக்கற புரதத்தை உடைக்கும். அப்ப கிளம்புற அம்மோனியாவுக்கு அந்த வாடையில பெரிய பங்கு உண்டு. ஜப்பான்காரங்க சாப்பிடுற நாட்டோங்கிற சோயாப் பண்டமும் கிட்டத்தட்ட இதே வழியில வர்றதுதான். நாட்டோ உடம்புக்கு நல்லதுன்னு வாட்ஸப்ல ஃபார்வர்ட் பண்றவங்களே அகுனிக்கு மூக்கைப் பொத்துறதையும் பார்த்திருக்கேன்.

2007ல டெல்லி போலீஸ், வடகிழக்கிலிருந்து வர்றவங்களுக்குன்னு ஒரு கையேடு போட்டுச்சு. மூங்கில் குருத்து, அகுனி மாதிரி வாடை வர்ற சாப்பாட்டை அக்கம்பக்கத்துல தகராறு வராம சமைச்சுக்கணும்னு அதுல ஒரு அறிவுரை. நம்மாளுங்க சிலருக்கு அது சிரிப்பா இருந்துச்சு. அவங்க டெல்லி முனிர்காவுல இருக்கற வாடகை வீட்டுல நெத்திலிக் கருவாடு வறுக்கிற அழகை நீங்க பார்க்கணும். ஜன்னலையெல்லாம் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஹால்ல ரெண்டு ஊதுபத்தி ஏத்தி, ஹவுஸ் ஓனர் படியேறி வர்றாரான்னு ஒரு காதை வாசல்ல வெச்சுக்கிட்டே திருப்பிப் போடுவாங்க. நம்ம கருவாட்டுக்கு நியாயம் கேக்கணும்னா அடுத்தவங்க அகுனிக்கும் கேட்டுத்தானே ஆகணும்?

மூக்கு பொய் சொல்லும்னு நான் சொல்ல வரலை. அது பொறந்த வீட்டு அடுப்படியில பழகின மூக்கு, அவ்வளவுதான். வெளியிலிருந்து மோந்து பார்க்கிறது வேற, மெல்லும்போது தொண்டை வழியா மூக்குக்கு ஏறுற மணம் வேற. கருவாடு தின்னு வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். எல்லாத்துக்கும் மேல, பழக்கம். 1982ல லீயான் பிர்ச்ங்கிற உளவியல் ஆய்வாளரும் கூட இருந்த இன்னொரு ஆய்வாளரும் ரெண்டு வயசுக் குழந்தைகளுக்குப் புதுப் பண்டங்களைத் திரும்பத் திரும்பக் குடுத்துப் பார்த்தாங்க. எதை அதிக தடவை ருசி பார்த்துச்சோ அதைத்தான் அதிகமா விரும்புச்சு. அப்புறம் நாற்பது வயசு ஆளு ஒரே வாய்ல தீர்ப்பு சொல்றது எப்படிச் சரியாகும்?

இந்த விஷயத்துல எங்க அத்தைக்கு நான் ரசிகை. தூத்துக்குடிக்காரங்க. போன தடவை வந்தப்ப பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி காஞ்சி குடுத்தாங்க. கறுப்பு கேரட்டை நறுக்கி, கடுகுப் பொடி, உப்பு, மிளகாத்தூள் போட்டு, தண்ணி ஊத்தி, ஜாடி வாயில துணி கட்டி, மொட்டை மாடி வெயில்ல சில நாள் புளிக்க வைக்கிற பானம். குளிர் முடிஞ்சு ஹோலி வர்ற சமயத்துல வீட்டுக்கு வீடு இருக்கும். டம்ளர்ல அடர் ஊதா நிறம். அத்தை ஒரு மடக்கு குடிச்சாங்க. கடுகு நேரா மூக்குக்கு ஏறி கண்ணுல தண்ணி. "ஊறுகாயைக் கரைச்சுக் குடுத்த மாதிரில்லா இருக்கு"ன்னாங்க. நான் டம்ளரை வாங்கப் போனா, குடுக்கல. "கடுகை வறுத்துப் போடுதாங்களா, பச்சையாவான்னு கேளு." பச்சையாத்தான்னு ஆன்ட்டி சொன்னதும் தலையை ஆட்டிக்கிட்டு இன்னொரு மடக்கு. பிடிச்சுதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எப்படிச் செய்யறாங்கன்னு கேட்டாங்களே, அது போதும். ஆன்ட்டி முகம் மலர்ந்து அரைமணி நேரம் இந்தியில விளக்கினாங்க. அத்தைக்கு இந்தி சுத்தமா வராது.

டெல்லியில திபெத்தியர்கள் குடியிருக்கிற மஜ்னு கா டீலாவுல கிடைக்கிற வெண்ணெய் டீக்கும் இதே கதைதான். டீத்தண்ணியில வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைஞ்சது. டீன்னு நினைச்சுக் குடிச்சா துப்பத் தோணும். சூப்புன்னு நினைச்சுக் குடிங்க, இறங்கிடும்.

சைவம், விரதம், பன்றி ஆகாது, மாடு ஆகாது, டாக்டர் வேண்டாம்னுட்டார், இதெல்லாம் நியாயமான காரணம். "எனக்கு வேண்டாங்க, நன்றி"ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கலாம். ரீல்ஸுக்காகக் கேமராவைப் பார்த்துக் குமட்டிக் காட்டிட்டு ‘வீரமா’ முழுங்குறவங்களை விட இவங்க எவ்வளவோ தேவலை.

ஹுமாயூன்பூருக்கு முதல் தடவை போறவங்க கிரீன் பார்க் மெட்ரோவுல இறங்கிக்கோங்க. நாகா மிளகாய்ச் சட்னியைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க. அகுனிக் கறியைச் சூடான வெள்ளைச் சோறு, வேகவெச்ச கீரையோட பிசைஞ்சு சாப்பிடுங்க. வெறும் குழம்பை மட்டும் ஸ்பூன்ல அள்ளி வாய்ல போட்டுட்டு, ஒரே உப்புன்னு என்கிட்ட வந்து பஞ்சாயத்து வைக்காதீங்க.