ரிப்போர்ட்டில் 'எஸ்' இருந்தால் குழாயை மாற்ற வேண்டாமா?

சிறுநீர்க் குழாய் உள்ளவருக்குத் தொற்று வந்து, கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் மருந்துக்கு நேராக 'எஸ்' (S) என்று இருந்தால் அந்த மருந்தே போதும், குழாயை மாற்றச் சொல்வது பில்லை ஏற்றத்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். இது சரியில்லைங்க.

அந்த 'எஸ்', ஆய்வகத் தட்டில் புதிதாக வளர்த்த கிருமியை அந்த மருந்து தடுக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். குழாயின் உட்சுவரில் அதே கிருமி வழவழப்பான படலமாக ஒட்டியிருக்கும்; பயோஃபிலிம் என்பது இதைத்தான். படலத்தின் அடியில் உணவும் ஆக்ஸிஜனும் குறைவு. அங்கே கிருமிகள் கிட்டத்தட்ட வளராமல் முடங்கிக் கிடக்கும். வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துகள் அவற்றிடம் சரியாக வேலை செய்வதில்லை. காய்ச்சல் இறங்கினாலும், மருந்தை நிறுத்தினால் திரும்ப வரலாம்.

அமெரிக்கத் தொற்றுநோய் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியைத் தேடிப் பாருங்கள்: தொற்று தொடங்கும்போது குழாய் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்து, இன்னும் தேவையும் இருந்தால், புதிதாக மாற்றச் சொல்கிறது. கல்ச்சருக்கான சிறுநீரையும் புதுக் குழாயிலிருந்தே எடுக்கச் சொல்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனை நுண்ணுயிரியல் பிரிவிலும் கேட்கலாம். தயவுசெய்து வீட்டில் நீங்களே உருவிவிடாதீர்கள், குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஊதிய பலூன் இருக்கிறது.