சேலெமில் தீர்ப்பளித்தவர்கள் கற்றவர்களே

சூனிய நம்பிக்கை படிப்பறிவற்ற பாமரரிடையே மட்டுமே நிலவியது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சேலெமில், சூனியக் குற்றத்துக்காக 19 பேரைத் தூக்கிலிட்ட நீதிமன்றத்தின் தலைவர் வில்லியம் ஸ்டவ்டனும், அதில் நீதிபதியாக அமர்ந்த சாமுவேல் சீவாலும் ஹார்வர்டில் பயின்றவர்கள். ஒருத்தியின் ஆவியுருவம் வந்து தன்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒரு சிறுமி சொன்னால், பிறர் கண்ணுக்குப் புலப்படாத அந்த உருவத்தையே அந்தக் கற்றவர்கள் சான்றாக ஏற்றார்கள், குற்றஞ்சாட்டப்பட்டவர் அதை எவ்வாறு மறுக்க இயலும்?

அதைவிடக் கொடியது, தாம் சூனியக்காரரே என்று பொய்யாக ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிருந்து தப்பியதும், மனச்சாட்சிக்கு அஞ்சி அப்படிச் சொல்ல மறுத்தவர்கள் மாண்டதும்தான். எழுபது வயதைக் கடந்த ரெபெக்கா நர்ஸ் குற்றமற்றவர் என்றே நடுவர் குழு முதலில் கூறியது. ஸ்டவ்டன் மறுபடி ஆராயச் சொன்ன பிறகே அது தன் முடிவை மாற்றியது. அந்த அம்மையாரின் முடிவைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது.

1697-இல் பாஸ்டன் தேவாலயத்தில் சீவால் சபையார் முன் எழுந்து நிற்க, அவர் எழுதிய மன்னிப்பைப் போதகர் வாசித்தார். ஸ்டவ்டன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.